மலை கிரீனில் பட்டிங்: புதிதாக ஆட வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குன்னூரில் குடியிருப்பவன், நாற்பது வயதுக்கு மேல் கோல்ஃப் பழகியவன் நான். கோவையில் ஆறு மாதம் ஆடிவிட்டுத்தான் மலைக்கு வந்தேன். தூரத்து அடியெல்லாம் ஓரளவு வந்துவிட்டது. ஆனால் கிரீனை, அதாவது குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய இடத்தை, எட்டிய பிறகு கணக்கு முழுவதும் கெட்டுப்போகும். மேடு என்று நினைத்து ஓங்கித் தட்டிய பந்து பள்ளத்தில் உருண்டு, கிரீனையே தாண்டிப் போய்விடும். மூன்று அடியில் நிற்கும் பந்தைக்கூடப் போட முடியாமல் கை நடுங்கியது. 18 குழிக்கு 41, 42 பட் என்று முதல் வருடம் முழுக்க ஓடியது. ஒரு குழிக்கு இரண்டு பட், மொத்தம் 36 என்பதுதான் பார் (ஒரு குழிக்கு நிர்ணயித்த அடி எண்ணிக்கை) கணக்கு.

இப்போது 33, 34-ல் நிற்கிறேன். அதற்கு எனக்கு இரண்டு வருடம் ஆனது. சரியான வரிசையில் பழகியிருந்தால் இரண்டு மாதம் போதும். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

சொற்கள் பற்றி ஒரு வரி: கிரீனில் பந்தை உருட்டும் மட்டை பட்டர், அந்த அடி பட். குழியைக் கேடிகள் (மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூட வருபவர்கள்) கப் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

நீலகிரியில் ஊட்டி ஜிம்கானா, வெலிங்டன் ஜிம்கானா, பழனி மலையில் கொடைக்கானல் கோல்ஃப் கிளப் ஆகிய மூன்றும் 18 குழி மைதானங்கள். மூன்றும் கிளப் மைதானங்கள் என்பதால், பூங்காவுக்குப் போவது போல நேராகப் போய் இறங்க முடியாது. முதலில் அலுவலகத்துக்குப் போன் செய்து நான்கு கேள்விகள் கேளுங்கள். உறுப்பினர் அல்லாதவர் அன்று ஆடலாமா? உறுப்பினர் யாராவது கூட வர வேண்டுமா? ஹேண்டிகேப் (ஆட்டக்காரரின் தரத்தைக் காட்டும் எண்) சான்று கேட்பார்களா? பயிற்சி கிரீனை மட்டும் பயன்படுத்தத் தனிக் கட்டணம் உண்டா? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பட்டிங் பழக வருபவருக்கு அதுதான் முக்கியமான கேள்வி.

கட்டணத்தைக் கேட்கும்போது கிரீன் ஃபீ (மைதானத்தில் ஆடுவதற்கான கட்டணம்), கேடி, மட்டை வாடகை, வரி என்று தனித்தனியாகக் கேளுங்கள். போனில் சொன்ன தொகை கிரீன் ஃபீ மட்டும்தான் என்பது பில் வந்த பிறகு தெரிந்தால் கஷ்டம். வார நாளுக்கும் வார இறுதிக்கும் கட்டணம் வேறுபடும்.

ஆதார் அல்லது ஓட்டுநர் உரிமம், ஹேண்டிகேப் சான்று இருந்தால் அதன் பிரதி, உறுப்பினரின் விருந்தினராகப் போனால் அவரது கடிதம் அல்லது உறுப்பினர் எண் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெலிங்டன் ராணுவப் பகுதி. அங்கே அடையாள அட்டை இல்லாமல் கிளம்பவே வேண்டாம். வெளி மாவட்ட வண்டியில் வந்தால் இ-பாஸ் வேண்டும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. ஆன்லைனில் பதிவு செய்தால் கிடைத்துவிடும். ஆனால் கோடை சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பு வைக்கிறார்கள். டீ டைம் (ஆட்டம் தொடங்க ஒதுக்கும் நேரம்) உறுதியானதும் இ-பாஸை எடுத்துவிடுங்கள், முதல் நாள் இரவு வரை தள்ளிப்போடாதீர்கள்.

உடையும் ஒரு பொறி. காலர் வைத்த சட்டை, ஜீன்ஸ் அல்லாத பேன்ட், கோல்ஃப் ஷூ. ஒருமுறை இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய், ஜீன்ஸ் போட்டிருந்ததால் ஆட முடியாமல் திரும்பியிருக்கிறேன். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை இருக்கிறது, எவர்சில்வர் பாட்டில் ஒன்று பையில் இருக்கட்டும்.

2. பட்டர் வாங்குவது

இதில் அதிகம் செலவழிக்காதீர்கள். பழைய பட்டர் போதும். நான் பயன்படுத்துவது 3,000 ரூபாய்க்கு வாங்கிய பழைய மட்டைதான். நீளத்தை மட்டும் கவனியுங்கள். கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 33 முதல் 35 அங்குலம். குனிந்து நின்றால் கண் பந்துக்கு நேர் மேலே அல்லது சற்று உட்பக்கம் வர வேண்டும். மூக்கருகே இருந்து ஒரு பந்தைக் கீழே விட்டுப் பாருங்கள். கீழே கிடக்கும் பந்தைத் தாண்டி வெளியே விழுந்தால் குனிவு அதிகம், காலுக்கு ரொம்பப் பக்கத்தில் விழுந்தால் மட்டை நீளம். பிடி தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். மழையிலும் பனியிலும் நனைந்த பிடி கையில் சுழலும், அது முதலில் நம்பிக்கையைத்தான் கெடுக்கும்.

3. வீட்டில் மூன்று வாரம்

ஹார்டுவேர் கடையில் ஒரு மீட்டர் இரும்பு ஸ்கேல் வாங்குங்கள். தரையில் அல்லது விரிப்பில் வைத்து, ஒரு முனையில் பந்தை வைத்து, மறுமுனை வரை ஸ்கேலை விட்டு விழாமல் உருட்டுங்கள். பார்க்கச் சுலபமாகத் தெரியும். முதல் நாள் நான் பத்தில் மூன்றுதான் உருட்டினேன்.

இதற்குக் காரணம் இருக்கிறது. கப்பின் விட்டம் 108 மில்லிமீட்டர். பத்து அடி தூரத்தில் இருந்து நேர் பட் அடித்தால், பந்து ஒரு டிகிரிக்கு மேல் விலகினாலே கப்பின் விளிம்பைத் தவறவிட்டுவிடும். பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தட்டும் நொடியில் பட்டரின் முகம் பார்க்கும் திசைதான். உங்கள் பந்து நினைத்த கோட்டில் புறப்படுகிறது என்று தெரியாத வரை, கிரீனைச் சரியாகப் படித்தீர்களா, அதாவது அதன் சாய்வைச் சரியாகக் கணித்தீர்களா என்பதே தெரியாது. இடப்பக்கம் தவறிய பந்துக்குக் காரணம் படிப்பா, கையா? நான் ஒரு வருடம் இரண்டையும் குழப்பிக்கொண்டிருந்தேன். தினமும் 15 நிமிடம், பத்துக்கு எட்டு வரும் வரை இதைச் செய்யுங்கள்.

4. முதலில் தூரம், அப்புறம் திசை

புதியவர்கள் மூன்று பட் அடிப்பது திசைப் பிழையால் அல்ல, தூரப் பிழையால். முப்பது அடிப் பட் இரண்டு அடி பக்கவாட்டில் விலகுவது அபூர்வம். எட்டு அடி குறைவாகவோ கூடுதலாகவோ போவது சகஜம்.

பயிற்சி கிரீனில் முதல் அரை மணி நேரம் கப்பைப் பார்க்கவே வேண்டாம். 10, 20, 30 காலடி எண்ணி மூன்று டீக்களை (பந்தை ஏற்றி வைக்கும் சிறு குச்சிகள்) குத்துங்கள். ஒவ்வொன்றையும் நோக்கி மூன்று பந்து. டீயை ஒட்டியோ, ஓரடி தாண்டியோ நின்றால் சரி. அடுத்து அதே தூரங்களை மேட்டுப் பக்கமாகவும் பள்ளத்துப் பக்கமாகவும் மாற்றி அடியுங்கள். நான் பழகும் கிரீனில் 2 சதவீதச் சாய்வு ஒன்று இருக்கிறது. மேட்டுப் பக்கம் 10 அடி ஓடும் அதே தட்டு, பள்ளத்துப் பக்கம் 15 அடி ஓடுகிறது. இந்த வித்தியாசத்தைக் கை உணர்ந்துவிட்டால் மூன்று பட்டில் பாதி அங்கேயே குறைந்துவிடும்.

ஒரு தவறான எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது, காற்று அடர்த்தி குறைவு, அதனால் பறக்கும் பந்து சமவெளியைவிட அதிகத் தூரம் போகும் என்பது உண்மை. உருளும் பந்துக்கு இது பொருந்தாது. மலை என்பதால் பட் வேகமாக ஓடுவதில்லை. சாய்வும் புல்லும் ஈரமும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

5. சாய்வைக் காலால் படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால், இதைப் படியுங்கள்.

மலையில் கண் ஏமாற்றும். சுற்றிலும் எல்லாமே சரிவாக இருப்பதால், எது மட்டம் என்பதற்குக் கண்ணுக்கு ஆதாரம் இல்லை. பின்னால் ஒரு தேயிலைச் சரிவு செங்குத்தாக இறங்கும்போது, அதைவிடக் கொஞ்சமாக இறங்கும் கிரீன் மட்டமாகத் தெரியும், சில இடத்தில் மேடேறுவது போலவே தெரியும். காட் ரோட்டில் ஏறுவதாகத் தோன்றும் இடத்தில் வண்டி தானாக முன்னே உருள்வதைப் பார்த்திருப்பீர்கள், அதே ஏமாற்றம்தான். மேடு என்று நினைத்து ஓங்கித் தட்டி நான் பந்தை விரட்டிக்கொண்டிருந்தது இதனால்தான்.

இதற்கு வழி, கால். ஆனால் காலைப் பழக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் 60 சென்டிமீட்டர் ரசமட்டம் வாங்குங்கள், கொத்தனார் வைத்திருப்பதுதான். பயிற்சி கிரீனில் அதை வைத்து, குமிழி நடுவுக்கு வரும் வரை தாழ்ந்த முனையைத் தூக்குங்கள். தூக்கிய உயரத்தை ஸ்கேலால் அளங்கள். 6 மில்லிமீட்டர் என்றால் 1 சதவீதச் சாய்வு, 12 என்றால் 2 சதவீதம். இப்போது அதே இடத்தில், சாய்வின் குறுக்கே கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து நின்று கண்ணை மூடுங்கள். எந்தக் காலில் எடை கூடுகிறது? எவ்வளவு? ஒரு சதவீதம் லேசான சந்தேகமாகத் தெரியும். இரண்டு தெளிவாகத் தெரியும். மூன்றில் உடம்பே சாய்வது போல இருக்கும். பத்துப் பதினைந்து இடங்களில் முதலில் காலால் ஊகித்து, அப்புறம் ரசமட்டத்தால் சரிபாருங்கள். நான்கு காலைகள் செய்தால் கால் பொய் சொல்லாது. கிரீனைப் பார்த்துக்கொள்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வையுங்கள், புல்லை அழுத்தாதீர்கள். ஆட்டத்தின்போது ரசமட்டத்தை வெளியே எடுக்கவே கூடாது. சாய்வை அளக்கும் கருவியைச் சுற்றில் பயன்படுத்துவது விதிமீறல், முதல் தடவைக்கு இரண்டு அடி (ஸ்ட்ரோக்) தண்டனை. தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்து மட்டம் பார்த்தாலும் அதே தண்டனைதான்.

சாய்வு தெரிந்த பிறகு எவ்வளவு வளையும்? நான் ஆடும் கிரீனில், 10 அடிப் பட் சாய்வின் குறுக்கே போனால் 1 சதவீதத்துக்கு ஒரு கப் அகலம், 2 சதவீதத்துக்கு இரண்டு கப் அகலம் வளைகிறது. 5 அடிக்கு அதில் பாதிக்கும் குறைவு. உங்கள் கிரீன் வேகமானதாக இருந்தால் வளைவு கூடும். அதனால் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், பயிற்சி கிரீனில் ஒரு 10 அடிப் பட் அடித்து உங்கள் எண்ணைக் கண்டுபிடித்து ஸ்கோர் கார்டின் மூலையில் எழுதிக்கொள்ளுங்கள்.

படிக்கும் வரிசை எனக்கு இப்படி. கிரீனுக்கு ஐம்பது காலடி முன்பிருந்தே பார்க்கத் தொடங்குகிறேன். பள்ளத்தாக்கு எந்தப் பக்கம்? மழை பெய்தால் தண்ணீர் எந்த ஓரமாக வெளியே ஓடும்? பெரிய சாய்வு அங்கிருந்துதான் தெரியும், கிரீனில் ஏறிவிட்டால் தெரியாது. அடுத்து பந்துக்கும் கப்புக்கும் நடுவே, தாழ்ந்த பக்கமாக நடந்து போகிறேன். பாதி வழியில் ஒருமுறை, கப்புக்கு மூன்றடி முன்னால் ஒருமுறை நின்று காலால் பார்க்கிறேன். கடைசி மூன்றடிதான் முக்கியம். பந்து வேகம் குறைந்து ஓடுவது அங்கேதான், வளைவும் அங்கேதான் அதிகம். பந்துக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பார்ப்பதை நான் கடைசியாகச் செய்கிறேன். கண்ணும் காலும் வேறு வேறு சொன்னால், காலை நம்புகிறேன்.

புதியவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே வளைவைக் குறைத்துத்தான் படிக்கிறார்கள். பந்து கப்பின் தாழ்ந்த பக்கமாகவே தவறும். தாழ்ந்த பக்கம் ஒருமுறை இறங்கிய பந்து கப்புக்குத் திரும்பவே திரும்பாது. மேட்டுப் பக்கம் போகும் பந்துக்குக் கடைசி வரை வாய்ப்பு இருக்கிறது. இன்று எத்தனை தடவை தாழ்ந்த பக்கம் தவறியது என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் என்றால், அடுத்த சுற்றில் நினைத்ததைவிட அரை கப் கூடுதலாக விட்டு அடியுங்கள்.

6. பனியும் மழையும்

மலைக் காலையில் புல் மேல் பனித்துளி நிற்கும். பலர் அது உலரும் வரை காத்திருப்பார்கள். பழக வந்தவருக்கு அதுதான் பொன்னான நேரம். பனி ஈரத்தில் பந்து ஓடிய தடம் கோடாகப் பதியும். உங்கள் பந்து எங்கே வளையத் தொடங்கியது, எந்தக் கோட்டில் கப்பைத் தாண்டியது என்று வரைந்து காட்டிவிடும். பயிற்சி கிரீன் திறக்கும் நேரம் கேட்டு, முதல் ஆளாகப் போங்கள். ஈரத்தில் பந்து மெதுவாக ஓடும், வளைவும் குறையும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அதே கிரீன் வெயில் ஏறியதும் வேறு கிரீன் ஆகிவிடும்.

ஆனால் உறைபனி வேறு விஷயம். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் புல் வெள்ளையாக உறைந்திருந்தால் கிரீனில் கால் வைக்காதீர்கள். உறைந்த புல் மிதிபட்டால் உடைந்து, காலடித் தடம் கருகிப்போகும், ஆறுவதற்கு நாளாகும். உருகும் வரை ஆட்டத்தைத் தள்ளிவைப்பார்கள். அந்த மாதங்களில் ஏழு மணி டீ டைம் எடுத்துவிட்டு அவசரப்படாமல், ஒன்பதுக்கு மேல் எடுங்கள்.

தொடக்கத்துக்கு ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களில் ரோடு நெரிசல். ஜூன் முதல் ஊட்டிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை. குன்னூருக்கும் கொடைக்கானலுக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை பலமாக இருக்கும்.

புல் சாய்ந்திருக்கும் திசையும் பந்தை இழுக்கும். பளபளப்பாகத் தெரிந்தால் புல் உங்களை விட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது, பந்து வேகமாக ஓடும். மங்கலாகத் தெரிந்தால் எதிர்ப்புல். முதல் வருடத்தில் இதில் இதற்கு மேல் கவனம் தேவையில்லை.

7. கேடியிடம் கேட்கும் முறை

ஒரே மைதானத்தில் பல வருடம் நடந்தவருக்குத் தெரிந்தது எந்தக் கருவிக்கும் தெரியாது. ஆனால் நான் முதலில் கேட்ட கேள்வியே தவறு. “எங்கே அடிக்கணும்?” என்று கேட்டு, அவர் காட்டிய இடத்தில் அடித்து, எதையும் கற்றுக்கொள்ளாமல் வந்தேன். இப்போது முதலில் என் படிப்பைச் சொல்லிவிட்டு அவருடையதைக் கேட்கிறேன்.

“அண்ணே, எனக்கு இடப்பக்கம் ஒரு கப் தெரியுது. உங்களுக்கு?”

“இல்ல சார், வலப்பக்கம் ரெண்டு கப் விடுங்க. அந்த மரத்தைப் பாத்து ஏமாந்துட்டீங்க. பள்ளம் இந்தப் பக்கம்.”

இந்த ஒரு பதிலில் அந்தக் கிரீன் எனக்குப் புரிந்தது. “மெதுவா அடிச்சா எவ்வளவு, வேகமா அடிச்சா எவ்வளவு?” என்றும் கேளுங்கள், ஏனென்றால் அவர் சொல்லும் கப் கணக்கு ஒரு வேகத்தை மனதில் வைத்துச் சொல்வது. கேடிக் கட்டணத்தைப் புறப்படும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், சில்லறையாக வைத்திருங்கள். நன்றாகச் சொல்லித் தந்தவருக்கு மேலே கொடுங்கள், அடுத்த முறை அவரையே கேளுங்கள்.

8. மூன்றடிப் பட்டுக்குப் பயம்

நண்பர்களோடு ஆடும்போது மூன்றடியில் பந்து நின்றால், “எடுத்துக்கோங்க, விட்டாச்சு” என்பார்கள். அன்பாகச் சொல்வதுதான். ஆனால் ஒரு வருடம் முழுக்க எடுத்துக்கொண்டே இருந்தால், முதல் போட்டியில் மூன்றடிப் பட் முன்னால் நிற்கும்போது கை பழகியிருக்காது. விட்டுக்கொடுப்பது மேட்ச் பிளேயில் (குழிக்குக் குழி யார் வெல்கிறார் என்று பார்க்கும் ஆட்டம்) மட்டுமே செல்லும். மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் ஒவ்வொரு பந்தும் கப்புக்குள் விழ வேண்டும். “இல்லைங்க, போட்டுப் பார்க்கிறேன்” என்று சொல்லப் பழகுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

பயிற்சிக்கு, கப்பைச் சுற்றி மூன்றடி தூரத்தில் நான்கு பந்துகளை நான்கு திசையில் வையுங்கள். நான்கும் தொடர்ச்சியாக விழும் வரை வீட்டுக்குப் போகக் கூடாது. மேட்டிலிருந்து பள்ளத்துப் பக்கமாக அடிக்கும் பந்து ஒன்றுதான் சோதிக்கும். அதற்கு மட்டும் கப்பின் முன்விளிம்பில் வேகம் அடங்கும் அளவுக்குத் தட்டுங்கள்.

அப்புறம், எதை எதிர்பார்க்கலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். உலகத்தின் சிறந்த தொழில்முறை வீரர்களே எட்டு அடிப் பட்டில் ஏறக்குறைய பாதியைத்தான் போடுகிறார்கள். இதை அறிந்த அன்று என் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. பத்து அடியில் தவறினால் நான் கெட்ட ஆட்டக்காரன் அல்ல. அடுத்த பந்து ஓரடிக்குள் நின்றதா என்பதுதான் கேள்வி.

தட்டும் முன் செய்வதை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பந்துக்குப் பின்னால் நின்று கோட்டை முடிவு செய்கிறேன். கப்பைப் பார்த்தபடி இரண்டு ஒத்திகை வீச்சு. பந்தருகே போன பிறகு கோட்டை மாற்றுவதில்லை. சந்தேகம் வந்தால் விலகி, மறுபடி முதலிலிருந்து. தன் முறை வந்ததும் 40 நொடிக்குள் அடித்துவிட விதிப்புத்தகம் பரிந்துரைக்கிறது. மற்றவர்கள் அடிக்கும்போதே நடந்து படித்துவிட்டால் அது தாராளம்.

9. கிரீனில் தெரிந்திருக்க வேண்டிய விதிகள்

2019 முதல் கொடியைக் கப்பிலேயே விட்டுவிட்டு அடிக்கலாம். பந்தை எடுக்கும் முன் நாணயமோ இடத்தைக் குறிக்கும் வில்லையோ வைக்காவிட்டால் ஒரு அடி (ஸ்ட்ரோக்) தண்டனை. தவறுதலாகக் கால் பட்டுப் பந்து நகர்ந்தால் தண்டனை இல்லை, பழைய இடத்தில் வைத்துவிடுங்கள். ஷூ ஆணித் தடங்களைச் சரிசெய்யலாம். விலங்கின் குளம்புத் தடத்தையும் சரிசெய்யலாம், இது நம் மலைகளுக்கு அவசியமான விதி. காட்டெருமை இரவில் கிரீனைக் கடந்து போயிருக்கும். அது நேரில் நின்றால் ஆட்டத்தை நிறுத்தி, தூரத்திலேயே நில்லுங்கள். படம் எடுக்க நெருங்காதீர்கள். காற்றோட்டத்துக்காகக் கிரீனில் போடும் துளைகளைச் சரிசெய்ய அனுமதி இல்லை. பந்து கப்பின் விளிம்பில் தொங்கினால், அருகே போன பிறகு பத்து நொடி காத்திருக்கலாம்.

10. மொத்தச் செலவும் ஹேண்டிகேப் கார்டும்

பட்டிங்குக்காக மட்டும் எனக்கு ஆன செலவு: பழைய பட்டர் 3,000 ரூபாய், புதிய பிடி 600, ஸ்கேலும் ரசமட்டமும் சேர்த்து 600க்குள். மீதியெல்லாம் பயிற்சி கிரீனுக்கும் கேடிக்கும் போனது. நேரம் என்று பார்த்தால் வீட்டில் மூன்று வாரம் தினம் 15 நிமிடம், பயிற்சி கிரீனில் ஐந்து வாரம், வாரத்துக்கு இரண்டு காலை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம்.

இதற்குப் பிறகு ஹேண்டிகேப் எடுங்கள். 2020 முதல் உலகம் முழுக்க ஒரே ஹேண்டிகேப் முறை. தொடங்க 54 குழிகளின் ஸ்கோர் போதும், அதாவது மூன்று முழுச் சுற்று, அல்லது ஒன்பது ஒன்பதாகச் சேர்த்தும் கொடுக்கலாம். அதிகபட்ச ஹேண்டிகேப் 54 என்பதால் புதியவர் தயங்க வேண்டியதில்லை. ஸ்கோர் எந்த முறையில் பதிவாகும், எத்தனை நாளில் ஏறும் என்பதைக் கிளப் அலுவலகத்தில் கேளுங்கள். ஒவ்வொரு குழிக்கும் பட் எண்ணிக்கையை ஓரத்தில் தனியாகக் குறித்து வையுங்கள், அது உங்களுக்கு. கார்டில் உங்கள் கையெழுத்தோடு மார்க்கர் (உங்கள் ஸ்கோரைக் குறிப்பவர்) கையெழுத்தும் வேண்டும். 18-வது கிரீனை விட்டு இறங்கியதும், டீ குடிக்க உட்காரும் முன்பே அதை வாங்கிவிடுங்கள்.